காணிப்பாக்கம் சத்தியமும் என் அம்பாசிடரும்

பழைய கார் வைத்திருப்பவன் வார நாட்களில் காருக்கு அடியில் இருப்பான், ஞாயிற்றுக்கிழமை காருக்குப் பின்னால் இருப்பான், தள்ளிக்கொண்டு. இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுகிறவர்கள் எல்லாம் என் இனம். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், எங்களுக்கு அதுவும் பழக்கம்தான்.

மாமரத்தடியில் ஒரு கோழிக்கூண்டு

சித்தூரில் எனக்கு பம்ப் செட் கடை. பாலசமுத்திரம் பக்கம் ஒரு மாந்தோப்பில் மோட்டார் மாட்டப் போனபோது மரத்தடியில் அதைப் பார்த்தேன். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த அம்பாசிடர். பின் சீட்டில் நான்கைந்து கோழிகள் உட்கார்ந்திருந்தன. கதவைத் திறந்ததும் வெயிலில் காய்ந்த ரெக்ஸின், பழைய பெட்ரோல், இரும்பு எல்லாம் கலந்து ஒரு வாசனை அடித்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது டாக்டர் வந்தாலும், கலெக்டர் வந்தாலும், கல்யாண மாப்பிள்ளை வந்தாலும் இந்த வண்டியில்தான் வருவார்கள். பள்ளிக்கூட காம்பவுண்டு மேல் ஏறி அந்த வட்ட விளக்குகளைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். ஒரு நாளாவது அதில் ஏறுவேன் என்று நினைத்ததில்லை.

மோட்டாரை மறந்துவிட்டு விலை பேச ஆரம்பித்தேன். தோப்புக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பைத்தியம் மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைத்திருப்பார் போல, உடனே ஒத்துக்கொண்டார். சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கோழிங்கள மட்டும் நான் வச்சிக்கிறேன் சார். மீதி எல்லாம் உங்களுது."

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்

மோட்டார் தெரிந்தவனுக்கு கார் தெரியாதா என்ற திமிரில் வீட்டு ஷெட்டிலேயே வேலையை ஆரம்பித்தேன். முடியாத இடங்களில் மெக்கானிக் சலபதி வருவார். அவர் தெலுங்கில் ஆரம்பித்து தமிழில் முடிப்பார், திட்டுவதை மட்டும் இரண்டிலும் செய்வார். இன்னொரு கூட்டாளி டேவிட் சார், கணக்கு வாத்தியார். அவரிடம் ஒரு பழைய பியட் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு நேராக என் ஷெட்டுக்கு வந்துவிடுவார்.

ஒரு ஞாயிறு முழுக்க கார்புரேட்டரைப் பிரிப்பதும் மாட்டுவதுமாக இருந்தோம். வண்டி இருமியது, தும்மியது, கிளம்பவில்லை. நான் ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். அது போய் என் துளசிமாடத்திலேயே விழுந்தது. டேவிட் சார் மெதுவாகப் போய் அதை எடுத்துவந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். "இன்னைக்கு பிரசங்கத்துல பொறுமையைப் பத்திதான் சொன்னாங்க," என்றார். "அது எனக்குப் போதலன்னுதான் நேரா இங்க வந்தேன்."

மூன்றாவது முடிச்சு

என் மனைவி விஜயா நகரிக்காரி, தறிக்காரக் குடும்பம். அவளுடைய ஒரே தம்பிக்கு நாராயணவனம் கோயிலில் கல்யாணம். தாலியில் மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் அக்காதான் போட வேண்டும். பஸ்ஸில் போகலாம் என்று அவள் சொன்னாள். புதிதாக பெயின்ட் அடித்த வண்டி இருக்கும்போது பஸ்ஸா என்று நான் சொன்னேன்.

புத்தூருக்கு முன்னால் ரேடியேட்டர் ஆவி கக்கியது. திறந்து பார்த்தால் ஃபேன் பெல்ட் அறுந்து தொங்குகிறது. அந்த பெல்ட் என் கடையிலிருந்து எடுத்தது. பம்ப் செட்டுக்கான பெல்ட்தான், ஆனால் அளவு சரியாக இருந்ததால் மாட்டியிருந்தேன். கடைசியில் விஜயா வாழைத்தார் ஏற்றிப் போன ஒரு டாட்டா ஏஸில், பட்டுப்புடவையோடு முன்சீட்டில் ஏறிப் போனாள். அவள் போய்ச் சேரும்போது பெரியப்பா மகள் முடிச்சைப் போட்டு முடித்திருந்தாள்.

நான் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்ச் சேர்ந்தேன். எல்லாரும் என்னைக் கேலி செய்தார்கள். விஜயா கேலி செய்யவில்லை, திட்டவும் இல்லை. இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். எதையாவது சொல்ல வேண்டுமே என்று சாம்பார் நன்றாக இருக்கிறது என்றேன். அவள் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு இருக்கறது ஒரே தம்பிங்க."

சத்தியம்

எங்கள் ஜில்லாவில் கோர்ட்டில் பொய் சொல்லுகிறவன்கூட காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பொய் சொல்ல மாட்டான். குடியை விடுகிறேன் என்கிறவர்கள், நான் எடுக்கவில்லை என்கிறவர்கள் எல்லாம் குளத்தில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு வந்து அங்கே சத்தியம் செய்வார்கள். மீறினால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்க்க விரும்புவதில்லை. விஜயா என்னை அங்கே அழைத்துப் போனாள்.

நானும் முழுகினேன். ஈரத்தில் நடுங்கிக்கொண்டே, இந்த வண்டி இன்னொரு தடவை விஜயாவை நடுரோட்டில் விட்டால் அதை விற்றுவிடுகிறேன், வேறு பழைய வண்டியும் வாங்குவதில்லை என்று சொன்னேன். வெளியே தேங்காய் விற்கிற அம்மா விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டார். "பண்டிக்கு பூஜை போட நித்தம் ஆயிரம் பேர் வராங்க," என்றார். "பண்டி மேல சத்தியம் பண்ண வந்தவர இப்பதான் பாக்கறேன்."

அலிபிரி

சத்தியத்துக்குப் பிறகு நான் ஒழுங்காகிவிட்டேன். டிக்கியில் ஒரு மெக்கானிக் கடையே இருக்கும். வண்டியும் ஒழுங்காகிவிட்டது. குடிபாலா தாண்டி வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம், திருத்தணிக்குப் போனோம், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அந்த வருஷங்கள்தான் பொற்காலம். ஜன்னலை இறக்கிவிட்டு, முன் சீட்டில் சாய்ந்துகொண்டு, மாங்காய் வண்டிகளுக்குப் பின்னால் மெதுவாகப் போவதில் இருந்த சுகம் எனக்கு வேறு எதிலும் கிடைக்கவில்லை.

தைரியம் முற்றி, ஒரு நாள் திருமலைக்கே கிளம்பினோம். அலிபிரி சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு வயதான வண்டியை மலைப் பாதையில் விடுவதில்லையாம். நான் விடவில்லை. எனக்கு ஐம்பதுகூட ஆகவில்லை, முப்பது வருஷமாக ஓட்டுகிறேன் என்றெல்லாம் அடுக்கினேன். வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு பஸ்ஸில்தான் மலை ஏறினோம். வண்டி தானாக நிற்கவில்லை, நிறுத்தியது அவர்கள், அதனால் இது கணக்கில் சேராது என்று விஜயாவே தீர்ப்பு சொன்னது பெரிய ஆறுதல். அந்தச் சாவடிக்காரர் எனக்குச் சொன்ன பதில் மட்டும் மறக்கவில்லை: "நேனு உங்க வயசு கேக்கலேது சார். பண்டி வயசுதான் கேட்டேன்."

இறங்குகிற பேட்டரி

போன வருஷம் புது வியாதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க சார்ஜ் ஏற்றி வைப்பேன். அடுத்த ஞாயிறு சாவியைத் திருப்பினால் ஈனஸ்வரத்தில் ஒரு முனகல் வரும். பேட்டரியை மாற்றினேன். டைனமோவைப் பிரித்தேன். சலபதி வயரிங் முழுவதையும் உருவிவிட்டுப் புதிதாகப் போட்டார். டேவிட் சார் ஜெபித்தார். பேட்டரி இறங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் சலபதி மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, முகம் துடைத்துக்கொண்டு, ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். காபி கொண்டுவந்த விஜயா டம்ளர்களோடு அப்படியே நின்றாள். சலபதி தன் பையிலிருந்து எலுமிச்சம்பழமும் மிளகாயும் எடுத்து பம்பரில் கட்டினார். "அண்ணா, பண்டில ஒரு தப்பும் லேது," என்றார். "மீ இன்ட்ல, உங்க வீட்லதான் ஏதோ இருக்குது."

ரயில்வே கேட்

அடுத்த ஞாயிறு விஜயாவின் தம்பி குழந்தைக்குக் காது குத்தல். காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தெரியாமல் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றி வண்டியைக் கிளப்பி வைத்தேன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் ரயில்வே கேட் சாத்திவிட்டார்கள். அணைத்தால் தீர்ந்தது என்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ரயில் போனது, கேட் தூக்கினார்கள், வண்டி ஒரு தும்மல் தும்மிவிட்டு நின்றது. ஹேண்டிலையும் அவசரத்தில் ஷெட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

பின்னால் லாரி, பஸ், டிராக்டர் எல்லாம் ஹாரன் அடித்தன. நான் வாயைத் திறப்பதற்குள் விஜயா இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ள ஆரம்பித்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். வண்டி கிளம்பியது. காது குத்தலுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆனாலும் சத்தியம் சத்தியம்தான். விற்றுவிடுகிறேன் என்று வழியிலேயே சொன்னேன், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்டில் ஓவர்டேக் செய்த லாரிக்காரர் தலையை வெளியே நீட்டிச் சொன்னது வேறு காதிலேயே இருந்தது: "அம்மா தள்ளிக்கினு இருக்காங்க, சாரு மாப்ள கணக்கா உக்காந்துக்கினு இருக்காரு."

திருப்பதிக்காரர்

திருப்பதியிலிருந்து ஒருவர் வந்தார். புதிதாக ஓட்டல் கட்டுகிறாராம். வண்டியைச் சுற்றி வந்து, பானட்டைத் தட்டிப் பார்த்தார். என்ஜினைத் திறந்து காட்டினேன், அதை அவர் பார்க்கவே இல்லை. நான் வாரக் கணக்கில் தேய்த்து மெருகேற்றிய என்ஜின் அது. ஓட்டிப் பார்க்கிறீர்களா என்றேன். வேண்டாம் என்று சிரித்தார். விஜயா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எதற்கு வாங்குகிறீர்கள் என்று அவள்தான் கேட்டாள். அவர் சந்தோஷமாகச் சொன்னார்: "மூஞ்சி மட்டும் போதும்மா. அறுத்து சுவத்துல மாட்டி லைட் போடுவோம், புள்ளைங்க செல்ஃபி எடுக்கும். பின்னாடி பாகம் சோபா ஆயிடும்."

பிள்ளையார் முன்னால்

ஒப்படைக்கும் முன் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று விஜயாதான் கூப்பிட்டாள். கடைசிப் பயணம் என்று நானும் மெதுவாக ஓட்டினேன். கோயிலில் நான் குளத்துப் பக்கம் திரும்பினேன். அவள் என்னை நிறுத்திவிட்டு, தானே இறங்கி முழுகினாள். ஈரப்புடவையோடு சன்னிதி முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். பேட்டரியை இறக்கியது அவள்தான். நான் கடைக்குப் போனதும் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் சாவியை எடுத்துக்கொண்டு, தினமும் மத்தியானம் அந்த வண்டியில் போய் உட்கார்ந்துவிடுவாளாம். ரேடியோவைப் போட்டு, டாஷ்போர்டு ஃபேனையும் சுழல விட்டு, சாயங்காலம் வரை பாட்டுக் கேட்பாளாம். அதனால்தான் இறங்குகிறது என்று சலபதி எலுமிச்சம்பழம் கட்டிய அன்றுதான் அவளுக்குப் புரிந்ததாம். வருஷக்கணக்கில் திட்டிய வண்டியில் போய் உட்கார்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வண்டி மேல் தப்பில்லை, சத்தியத்தை வாங்கியவள் நான், நானே பிள்ளையாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றாள். திருப்பதிக்காரருக்கு போன் போட்டு, வண்டி இல்லை என்று அவளே சொன்னாள். அதில் உட்கார்ந்து அப்படி என்னதான் கேட்டாய் என்றேன். நிறுத்தி வைத்திருந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆடிக் கிருத்திகைக்கு நைனா ஒரு அம்பாசிடர் வாடகைக்குப் புடிச்சி, எங்க எல்லாரையும் அடைச்சிக்கினு திருத்தணி போவாரு. இதே வாசனைதாங்க. கண்ண மூடிக்கினா நைனா முன்னாடி சீட்ல உக்காந்துக்கினு இருக்காரு."

பழைய கார் வளர்க்கும் அன்பர்களே, இப்போது என் அம்பாசிடரில் இரண்டு பேட்டரிகள் இருக்கின்றன, ஒன்று ஊருக்குப் போக, இன்னொன்று விஜயா திருத்தணிக்குப் போக.