ஏழு நிமிடம் தாமதமாக ஊதிய சங்கு

சவரிமுத்து இறந்த செய்தியை அவருடைய மகன் அந்தோணி ராயபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து டைம் ஆபீஸ் ஜன்னலில் என்னிடம் சொன்னார். காலை ஷிப்ட் உள்ளே போய்க்கொண்டிருந்த நேரம். "அப்பா பூட்டாரு சார். சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்குறோம். போர்டுல எழுதிப் போட்டீங்கன்னா அவரு தோஸ்துங்க வருவாங்க" என்றார். கேட்டுக்குப் பக்கத்துக் கரும்பலகையில் நானே எழுதினேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அதைப் படித்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்: "யார்பா இது? சங்கு ஊதாம தூங்கினாராமே, அவரா?" "அவரேதான்" என்று பதில் வந்தது. அந்தோணி இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். எனக்கு என்னை நினைத்தே அவமானமாக இருந்தது.

நம் தொழிலாளர் மன்ற மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று அன்றே சொன்னேன். உங்களில் பாதிப் பேருக்கு அவரைப் பாய்லர் சாம்பல் அள்ளும் யார்டில்தான் தெரியும். அதற்கு முன் பல வருஷம் அவர் பாய்லர் கூடத்தில் இருந்தார். திருவொற்றியூரில் நீராவியில் ஊதும் நம் ஆலைச் சங்கின் சங்கிலி அவர் கையில்தான் இருந்தது. ஒரு நாள் பன்னிரண்டு மணிச் சங்கு ஏழு நிமிடம் தாமதமாக ஊதியது. வேலை நேரத்தில் தூங்கினார் என்று விசாரணையில் முடிவு கட்டி அவரை யார்டுக்குத் தள்ளினார்கள். அவர் தூங்கவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தவன் நான்.

எனக்கும் அவருக்கும் முதலில் ஒத்துப்போகவில்லை. டைம் ஆபீஸில் நான் எவ்வளவு கறார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாமதத்துக்குச் சிவப்பு மை வாங்காதவர்கள் உங்களில் யார்? அவர் மட்டும் என்னிடம் அகப்பட்டதே இல்லை. தினமும் காலையில் தன் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து ஆபீஸ் கடிகாரத்தோடு சரிபார்ப்பார். "இன்னா டைம் சார், ரெண்டும் ஒண்ணாத்தான் கீது. நீ பயப்படாத" என்று கிண்டல் வேறு. எதற்கு இந்தக் கவனம் என்று ஒரு நாள் கேட்டேன். "இந்தச் சத்தத்த நம்பித்தான் சார் நூறு வூட்டுல ஒல வைக்கிறாங்க. நா லேட்டா ஊதுனா அவங்க சோறு கொழஞ்சி பூடும்" என்றார். வேலையைப் பற்றி அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த பேச்சு அது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டார்கள். பெரியவள் எப்படியோ தேறிக்கொண்டாள். சின்னவள் என் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையில் அடங்குவாள். நாங்கள் அப்போது ரயில்வே கேட்டைத் தாண்டி இரண்டாவது தெருவில் குடியிருந்தோம். வீட்டுக்கு வந்த முதல் நாள் சங்கு ஊதியபோது சின்னவள் விறைத்துக்கொண்டாள். அழக்கூட இல்லை. மூச்சு நின்று உதடு நீலமாகி, அவள் மறுபடி மூச்சை இழுப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வளர வளரச் சரியாகிவிடும், அதுவரை திடுக்கிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். திருவொற்றியூரில் இருந்துகொண்டு சத்தத்துக்கு எங்கே ஒளிவது?

சங்கு நேரம் நெருங்கினால் என் மனைவி மரகதம் கதவைச் சாத்தி, ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, இரண்டு பேரையும் மடியில் போட்டுக்கொண்டு காத்திருப்பாள். அவள் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. "எனக்குக் கீறது ரெண்டு கை. இதுங்களுக்கு நாலு காது கீது. எதப் பொத்த, எத வுட?" என்று அழுதாள். பெரியவளும் சத்தம் கேட்டால் வீறிட்டு அழுவாள்; அவளைக் கவனிக்கப் போனால் சின்னவளுக்கு மூச்சு நின்றுவிடும். உதவிக்கு நான் போகலாமென்றால், சங்கு ஊதும் நேரத்தில்தான் எனக்கு ஆபீஸில் தலைக்கு மேல் வேலை.

வெட்கத்தை விட்டுச் சவரிமுத்துவிடம் போனேன். கொஞ்சம் மெதுவாக ஊத முடியுமா என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சங்கு இன்னா நாயனமா சார், ஆளுக்குத் தக்கன ஊத? இஸ்தா ஊதும், வுட்டா நிக்கும்" என்றார். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் நான் வீட்டுக்குப் போனபோது மரகதம் சொன்னாள், "ஏங்க, இன்னைக்கு ஊதறதுக்கு முன்னாடி புஸ்ஸுன்னு ஒரு காத்துச் சத்தம் கேட்டுதுங்க. நா சுதாரிச்சிக்கினேன்." அன்று முதல் சங்கிலியை முழுதாக இழுப்பதற்கு முன் லேசாக ஒரு முறை இழுத்து ஆவியைக் கசியவிட்டார். இத்தனை பேர் வேலை செய்த ஆலையில் அந்தப் புஸ் யாருக்கென்று தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். என்னிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் குழந்தைகளை டாக்டரிடம் காட்டக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவர்கள் வாசற்படி தாண்டியது அன்றுதான். நான் காலையில் அரை நாள் லீவு போட்டேன். மரகதம் இருவருக்கும் கன்னத்திலும் உள்ளங்காலிலும் மை வைத்தாள். தெருவில் எல்லா வாசலிலும் பெண்கள் வந்து நின்றார்கள். "ரெண்டும் ஒரே மாரி கீதே!" என்று ஒருத்தி சொன்னதும் மரகதம் முந்தானையை இழுத்துச் சின்னவளை மூடினாள். வெயில் பட்டதும் பெரியவள் முகத்தைச் சுளித்தாள். சின்னவள் தும்மினாள். அந்தத் தும்மலுக்கு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் ரிக்‌ஷாக்காரரும் சேர்ந்துகொண்டார். டாக்டர் எடை பார்த்துவிட்டு, பயமில்லை என்றார். பன்னிரண்டுக்கு முன் வீடு திரும்பிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

என் கணக்கில் கூட்ஸ் வண்டி இல்லை. ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். முன்னால் மாட்டுவண்டிகள், பின்னால் லாரி, ஒரு பக்கம் சாக்கடை, மறு பக்கம் நம் ஆலையின் மதில். மதிலுக்கு மேலே தெரிந்தது பாய்லர் கூடம், அதன் உச்சியில் சங்கு. மணி பன்னிரண்டாக மூன்று நிமிடம் இருந்தது. எங்கள் மடியில் ஆளுக்கொன்றாகக் குழந்தைகள் நல்ல தூக்கம். சங்குக்கு இவ்வளவு கிட்டத்தில் காதைப் பொத்தியும் பயனில்லை. மரகதம் என் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். இறங்கி ஓட அவள் உடம்பில் தெம்பில்லை. நான் மட்டும் ஓடினால் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது?

பாய்லர் கூடத்து ஜன்னலில் சவரிமுத்து நிற்பது தெரிந்தது. அவர் எங்களைப் பார்த்துவிட்டார். நான் குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மற்றொரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். ஒரு நிமிடத் தாமதத்துக்குச் சிவப்பு மை போட்ட அதே கை அது. அவர் தலையசைக்கவில்லை, கையும் ஆட்டவில்லை. சங்கிலியைப் பிடித்தபடி ரயில்வே கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டு இரண்டு, பன்னிரண்டு நான்கு. உள்ளே ஆட்கள் கூச்சல் போடுவது மதிலைத் தாண்டிக் கேட்டது. கேட் திறந்து, வண்டிகள் நகர்ந்து, எங்கள் ரிக்‌ஷா இரண்டாவது தெருவில் திரும்பி, மரகதம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகே சங்கு ஊதியது. அதற்கு முன்னால் ஒரு புஸ்.

மதியம் நான் ஆபீஸுக்குப் போனபோது மேனேஜர் கொதித்துக்கொண்டிருந்தார். விசாரணைக் குறிப்பு எழுத என்னையே உட்கார வைத்தார். கண் அசந்துவிட்டது என்று சவரிமுத்து தானாகவே சொன்னார். "தூங்கினாயா?" என்று கேட்டார் மேனேஜர். "ஆமா சார், தூங்கிட்டேன்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எழுதினேன். அந்தத் தாள் இன்றும் கோப்பில் இருக்கும், எழுத்து என்னுடையது.

அன்று மாலை ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போய், நாளைக்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவருக்கு வந்ததே கோபம்! "இன்னா சார், படிச்சவன்தான நீ? தூங்குனவன எடம் மாத்துவான். வோணும்னே நிறுத்துனேன்னா கேட்டுக்கு வெளிய தள்ளுவான். நீ வாயத் தெறந்தா என் சோத்துலதான் மண்ணு. கம்முனு கெட" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "கொயந்த மொத தபா வெளிய வந்து கீது. அது காதுல மொதல்ல வுயறது என் சத்தமாவா இருக்கணும்?" என்றார். அவர் மனைவி பிலோமினா டீ கொண்டுவந்தார். அதைக் குடிக்கக் கூசியது.

சொல்லாமலிருந்தது அவர் வேலைக்காக என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யார்டு பக்கம் போகும்போதெல்லாம் சாம்பல் படிந்த முகத்தோடு, "ரெண்டும் எப்டி கீது?" என்று கேட்பார். பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றால் அவ்வளவு சந்தோஷப்படுவார். அவருக்கு இருமல் வந்தது. சாம்பலால் வந்ததா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை; ஆனால் எனக்கு உறுத்தியது. போன வருஷம் அவர் ரிட்டையர் ஆனார். அதற்குப் பிறகும் நான் பேசவில்லை. பொய்க் குறிப்பு எழுதிய டைம் கீப்பர் என்று என் பேர் கெட்டுவிடுமே என்ற பயம்தான் காரணம். அவர் பேர் கெட்டுக் கிடந்தது எனக்குப் பழகிவிட்டிருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இறுதி ஊர்வலத்துக்கு மரகதத்தையும் என் பெண்கள் கலாவையும் லீலாவையும் அழைத்துக்கொண்டு போனேன். பிலோமினாவிடமும் அந்தோணியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தோணி என்னை நேராகப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிலோமினா மட்டும் சின்னவள் லீலாவைக் கிட்டே இழுத்து முகத்தைத் தடவினார். "தூங்குனேன்னு அவுரு சொன்னப்பவே நா நம்பல சார். ஞாயித்துக்கெயமகூட பன்னண்டு மணிக்கி அந்த மனுசன் கை தானா மேல போவும்" என்றார். பிறகு, "அங்க கீற ஆளுங்களுக்கும் சொல்லு" என்றார்.

சொல்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஏழு நிமிடம். அதைக் கேட்டு வாங்கியவன் நான், அதற்குத் தண்டனை அனுபவித்தவர் அவர். இதைப் படித்த பிறகு நிர்வாகம் என்னை விசாரணைக்குக் கூப்பிடலாம். கூப்பிட்டால், அன்று யார் தூங்கினார்கள் என்று கேட்டால், கலாவையும் லீலாவையும் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவேன். அன்று பன்னிரண்டு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.