பதினான்கு சோதனைகளில் தேறிய சைக்கிள்

ஹாலிலிருந்து ‘கிர்ர்ர்’ என்று ஏதோ சுழலும் ஓசையும், நடுநடுவே ‘டக்’ என்ற சத்தமும் அடுக்களைக்குக் கேட்டன. சொதிக்குத் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்த மங்கையர்க்கரசி கையை நிறுத்திவிட்டு எண்ணினாள். ஏறுமுகமாக ஏழு ‘டக்’, இறங்குமுகமாக ஏழு. ஒன்றுகூடத் தவறவில்லை. அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒன்றிரண்டு தவறியிருந்தால் பேச்சுவார்த்தை இல்லாமலே காரியம் முடிந்திருக்கும்.

ஹாலில் பழைய செய்தித்தாள்களின் மேல் சைக்கிள் தலைகீழாக நின்றது. அதன் பக்கத்தில் அவள் கணவர் சந்தானம் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு கையால் பெடலைச் சுழற்றினார். மறு கையால் கியர் மாற்றினார். ஒவ்வொரு ‘டக்’குக்கும் மடியிலிருந்த தாளில் ஒரு டிக் போட்டார். தாளுக்கு அடியில் கார்பன் வைத்திருந்தார். வீட்டுக்கு ஒரு பிரதி, கோப்புக்கு ஒரு பிரதி.

சந்தானத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. பாதுகாப்புத் துறைக்கு உதிரிபாகங்கள் செய்து தரும் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் தரச் சோதனைப் பிரிவு. முப்பத்தொரு வருஷ சர்வீசில் அவர் கையெழுத்திட்ட சான்றிதழ் ஒன்றுகூட ரத்தானதில்லை. பாகங்கள் திரும்பி வந்ததில்லை என்று அர்த்தமில்லை. வந்தன. சோதனை மேடையில் அழகாகச் சுழன்றவை பாலைவனத்திலும் பனியிலும் நின்றுபோய், புகார்க் கடிதத்தோடு வந்தன. அவர் அவற்றை மறுபடி மேடையில் ஏற்றிச் சுழற்றிப் பார்ப்பார். மறுபடி அழகாகச் சுழலும். புகாரின் கீழே ‘பயன்படுத்துவோரின் பிழை’ என்று எழுதி அனுப்பிவிடுவார். எதிர்த்து எழுத யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

சைக்கிள் அவருடைய மகன் ஷ்யாம் வாங்கியது. ஹைதராபாத் ஹைடெக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வந்ததும் வாங்கினான். மூன்று ஞாயிறு ஓட்டினான். கம்பெனி அவனை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவன் ஏறிய விமானம் மறையும்வரை சந்தானம் அழவில்லை. வீட்டுக்கு வந்து, பால்கனியில் சுவரோடு சாய்ந்து நின்ற சைக்கிளைப் பார்த்துத்தான் அழுதார். மறுநாள் அதில் ஆபீஸ் போனார்.

அன்றைக்கு நடந்ததுதான் அவரை அந்தச் சைக்கிளோடு கட்டிப்போட்டது. திருமுல்கேரியில் ராணுவப் பகுதியின் வாசலைக் கடக்கும்போது, புதிதாக வேலைக்கு வந்திருந்த காவல் வீரன் ஒருவன், ஹெல்மெட்டும் நிமிர்ந்த முதுகும் கண்டு யாரோ அதிகாரி என்று நினைத்து விறைத்து நின்று சல்யூட் அடித்தான். சந்தானம் மெல்லத் தலையசைத்தார். மூன்று வருஷமாகக் காவலுக்கு ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு புதியவனும் போகிறவன் செய்ததைப் பார்த்துச் செய்தான். ஆபீசில் அவரைக் கண்டு எழுந்து நிற்பவர் கிடையாது. வீட்டில் டி.வி. ரிமோட்கூட அவர் பேச்சைக் கேட்டதில்லை. காலை எட்டே காலுக்கு நாடு அவருக்கு சல்யூட் அடித்தது.

போன மாதம் பின் சக்கரத்தின் கேசட் தேய்ந்துபோனது. பாட்டுக் கேசட் அல்ல. எட்டுப் பல்சக்கரங்களைச் சிறிதும் பெரிதுமாக அடுக்கிய தொகுதிக்கும் அதுதான் பெயர். செகந்திராபாத் கடைக்காரர் செயினையும் சேர்த்து மாற்றச் சொன்னார். விற்பனைத் தந்திரம் என்று சந்தானம் சிரித்துக்கொண்டார். அந்தச் செயினை ஞாயிறுதோறும் கழற்றி மண்ணெண்ணெயில் குளிப்பாட்டித் துடைத்து எண்ணெய் பூசி வளர்த்தவர் அவர். ஷ்யாமை மொத்தமாக இரண்டு தடவை குளிப்பாட்டியிருப்பார்.

புதுக் கேசட் போட்ட நாலாம் நாள், ராணுவ வாசலுக்கு முன்னால் இருக்கும் ஏற்றத்தில் அவர் எழும்பி மிதித்தபோது செயின் பல்லைவிட்டு வழுக்கியது. கால் காற்றில் மிதித்தது. காவல் வீரன் சல்யூட்டுக்குக் கை உயர்த்திய அதே கணத்தில் அவர் கீழே கிடந்தார். உயர்ந்த கை அவரைத் தூக்கிவிட வந்தது. முழங்கால் காயம் ஒரு வாரத்தில் ஆறியது.

மங்கையர்க்கரசி கெடு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி ஒழுங்காக ஓட வேண்டும். இல்லாவிட்டால் அது குகட்பள்ளியில் இருக்கும் அவள் தம்பி ஜெகநாதன் வீட்டுக்குப் போய்விடும். அவன் மகனுக்கு அது ரொம்ப நாளாகவே ஆசை.

ஆறு நாளும் சந்தானம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துப் போராடினார். கேபிளின் இறுக்கத்தை முக்கால் சுற்று கூட்டினார், கால் சுற்று குறைத்தார். கேசட்டைப் பிடித்திருக்கும் வளையத்தை முறுக்கிப் பார்த்தார். செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் கை நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார். செயின் ஓரம் தாண்டி விழாமல் தடுக்கும் இரண்டு திருகுகளைச் சரிசெய்தார். பதினான்கு இனங்கள், பதினான்கு முடிவுகள். ஒன்பதாவது இனத்துக்கு எதிரே இப்படி எழுதினார்: ‘செயின்: சுத்தம். தேறியது.’ விழுந்ததற்கும் ஓர் அறிக்கை தேவைப்பட்டது. கடைசிப் பத்தியில் ‘பயன்படுத்துவோரின் பிழை’ என்று எழுதி, பயன்படுத்தியவர் என்ற இடத்தில் தன் பெயரையே போட்டுக் கையெழுத்திட்டார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஜெகநாதன் வந்தான். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிப்பவன். ஊர் திருநெல்வேலி, பேச்சில் பாதி ஹைதராபாத். எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. வெள்ளை பேன்ட் போட்டு, தோளில் கயிற்றுச் சுருளோடு வந்திருந்தான். சந்தானம் கயிற்றைப் பார்த்தார். பெடலைச் சுழற்றிக் காட்டினார்.

“ஹவ், ஆமா, நல்லாத்தான் சுத்துது,” என்றான் ஜெகநாதன். “ஆனா அத்தான், தலகீழா நிக்கிற சைக்கிள்ல எவனும் ஆபீஸ் போறதில்லையே.”

சந்தானம் தாளை நீட்டினார். அவன் பதினான்கு இனங்களையும் வாசித்துவிட்டு, ஓட்டிப் பார்த்தாரா என்று கேட்டான். அது சோதனை முறையில் சேராது என்று சந்தானம் சொன்னார். ஜெகநாதன் சைக்கிளை நிமிர்த்திக் கீழே கொண்டுபோனான்.

கணவனும் மனைவியும் முதல் மாடிப் பால்கனியிலிருந்து பார்த்தார்கள். சமதரையில் இரண்டு சுற்று மணிமணியாக ஓடியது. சந்தானத்தின் முகம் மலர்ந்தது. மூன்றாவது சுற்றில் ஜெகநாதன் காலனி வாசல் மேட்டில் ஏற்றி, எழும்பி மிதித்தான். ‘கடக்’ என்றது. தொண்ணூற்றிரண்டு கிலோவும் முன்கம்பியின் மேல் இறங்கியது. அவன் சற்று நேரம் அசையாமல் வேப்ப மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கால்களை அகட்டி நடந்து வந்தான். வெள்ளை பேன்ட்டில் பல்சக்கரப் பற்களின் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது.

“எடை அதிகம்,” என்றார் சந்தானம் மெல்ல.

ஜெகநாதன் மேலே வந்து தண்ணீர் குடித்தான். பிறகு சந்தானத்தின் இரும்பு ஸ்கேலை எடுத்துச் செயினின் மேல் வைத்தான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

“இங்க பாருங்க அத்தான். பன்னெண்டு இஞ்சுல நிக்க வேண்டிய ஆணி, தாண்டி நிக்கி. செயின் நீண்டு போச்சு. பழைய பல்லோட சேந்து தேஞ்சது, புதுப் பல்லுல உக்காராது, ஏறி நிக்கும். சும்மா சுத்துனா ஒண்ணும் தெரியாது. ஆள் ஏறி அழுத்துனா வழுக்கும். எங்க பிளான்ட்ல ரெண்டையும் சேத்துத்தான் மாத்துவோம். புதுச் செயின் போடுங்க, முடிஞ்சது கத.”

சந்தானம் ஸ்கேலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இந்த ஸ்கேலோட அளவுச் சான்று மார்ச்சோட முடிஞ்சிட்டு,” என்றார்.

அடுக்களை வாசலில் நின்ற மங்கையர்க்கரசி சிரிக்கப் போனாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று வருஷமாகக் காலை எட்டு மணிக்கு அந்த முகத்தில் ஒரு மாப்பிள்ளைக் களை வருவதை அவள் பார்த்திருக்கிறாள். காரணம் தெரியாது. ஆனால் சைக்கிள் போனால் அதுவும் போய்விடும் என்று தெரியும். அவள் கெடு வைத்தது அவர் எலும்புக்காகத்தான். செயினை மாற்றினால் எலும்பும் தப்பும், களையும் தப்பும்.

அவள் தாளை எடுத்து அவர் முன் வைத்தாள். “ஒம்பதாம் நம்பர அடிச்சிட்டு, செயின் சரியில்லன்னு எழுதுங்க. ஒரே வரி. சைக்கிள் இங்கயே கெடக்கட்டும்.”

“ஆமா அத்தான், எழுதுங்க. நானே இன்னைக்கே செயின் வாங்கிட்டு வாரேன். பையனுக்கு வேற பாத்துக்கிடலாம்.”

சந்தானம் பேனாவைத் திறந்தார். ஒன்பதாம் வரிக்கு மேலே முனை நின்றது. அந்த வாசல், அந்த ஏற்றம், விறைத்து உயரும் அந்தக் கை, எல்லாம் அவர் கண்ணில் தளும்பின. ஒரு கோடு. ஒரே ஒரு கோடு போட்டால் நாளைக் காலை எட்டே காலுக்கு எல்லாம் திரும்பக் கிடைக்கும். அடித்தால் முதல் கோடாக இருக்கும். முப்பத்தொரு வருஷத்தில் முதல் கோடு. அப்புறம் பாலைவனத்திலிருந்தும் பனியிலிருந்தும் வந்த அந்தக் கடிதங்களை என்ன செய்வது?

பேனா ஒன்பதாம் வரியைத் தாண்டிப் பக்கத்தின் அடிக்கு இறங்கியது. அங்கே நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.’

“இதுல ஒரு கையெழுத்துப் போடு ஜெகநாதா.”

“நக்கோ, வேண்டாம் அத்தான். வெளையாடாதீங்க.”

“வண்டில ஒரு குறையும் இல்ல. வேணும்னாக் கொண்டு போ. வேண்டாம்னாலும் கொண்டு போ.”

ஜெகநாதன் அக்காவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவன் கையெழுத்திட்டான். சந்தானம் கார்பன் பிரதியைக் கிழித்து அவனிடம் கொடுத்தார்.

சாப்பாட்டின்போது சந்தானம் சொதி பிரமாதம் என்று இரண்டு தடவை சொல்லி, மறுசோறு வாங்காமல் எழுந்தார். செயினுக்கு ஞாயிறு தவறாமல் மண்ணெண்ணெய் காட்ட வேண்டும் என்று மச்சினனிடம் சொல்லி வைத்தார். காற்றடிக்கும் பம்பையும் தேடி எடுத்துக் கொடுத்தார். ஹெல்மெட்டைக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஜெகநாதன் சைக்கிளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். நிலைப்படியைத் தாண்டும்போது, “போயிட்டு வாரேன் அத்தான்,” என்று தயங்கினான். சந்தானம் மெல்லத் தலையசைத்தார். படிகளில் காலடி ஓசை இறங்கிப்போனது. மங்கையர்க்கரசி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.