செல்வராஜின் 3.44

செல்வராஜ் இறந்த செய்தி புதன்கிழமை காலையில் போனில் வந்தது. அழுதேன். நினைவுக் கூட்ட நோட்டீஸ் வெள்ளிக்கிழமை வந்தது. அதில் 'தலைமை' என்ற சொல்லுக்குக் கீழே இருந்த பெயரைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. எங்கள் பழைய பேராசிரியர். அவர் பெயரை எழுதி என் பேனாவைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். குளத்தூர்க்காரர்களுக்குத் தெரியும்.

விவசாயக் கல்லூரியில் நானும் செல்வராஜும் ஒரே வகுப்பு. நாங்கள் சேர்ந்த சமயத்தில் நெய்யாற்றின்கரையில் கேரள நிலச் சீர்திருத்த வழக்குகள் சூடுபிடித்திருந்தன. செல்வராஜின் அப்பா பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, உழுத வயல் பேராசிரியரின் குடும்பத்துக்குச் சொந்தம். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். வழக்குக் காகிதங்களோ மலையாளத்தில். வாசித்துச் சொல்ல ஒவ்வொரு விசாரணைக்கும் மகன் பஸ் ஏறினான். அதனால் முதல் செமஸ்டரில் ஆறு கிரெடிட்டுக்கு மட்டுமே பாடம் எடுத்தான். அதிலும் தரப்புள்ளி நாலுக்கு இரண்டுதான் கிடைத்தது. வழக்கு ஜெயித்து வயல் அப்பா பெயருக்கு வந்தது. விட்ட பாடங்களை மற்ற ஏழு செமஸ்டர்களுக்கும் பங்கிட்டு, செமஸ்டருக்கு இருபத்திரண்டு கிரெடிட் படித்தான். ஏழிலும் மூன்றரை வாங்கினான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கூட்டத்துக்கு வருகிறவர்கள் பென்சிலோடு சரிபார்க்கலாம். ஒவ்வொரு செமஸ்டரின் தரப்புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்க வேண்டும். ஆறு கிரெடிட்டுக்கு இரண்டு வீதம் 12. மற்ற 154 கிரெடிட்டுக்கு மூன்றரை வீதம் 539. கூட்டினால் 551. மொத்த கிரெடிட் 160. வகுத்தால் 3.44. விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. மேல்படிப்புக்குத் தரவரிசை போட்ட பேராசிரியர் என்ன செய்தார் தெரியுமா? எட்டு செமஸ்டர் புள்ளிகளையும் சும்மா கூட்டி எட்டால் வகுத்தார். ஆறு கிரெடிட்டுக்கும் இருபத்திரண்டு கிரெடிட்டுக்கும் ஒரே எடை. 3.31 வந்தது. அவருடைய தங்கை மகனும் எங்கள் வகுப்புதான், எல்லா செமஸ்டரிலும் ஒரே அளவு கிரெடிட் படித்தவன். எப்படி வகுத்தாலும் அவனுக்கு 3.40. மேல்படிப்புக்கு இருந்த ஒரே இடம் அவனுக்குப் போயிற்று.

ஏதோ கைப்பிழை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குப் புள்ளியியல் நடத்தியவரே அவர்தான்.

செல்வராஜ் விதிப்புத்தகத்தோடு அவர் அறைக்குப் போனான். துணைக்கு நான். அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"எட்டு செமஸ்டர், எட்டு கொண்டு வகுத்தாச்சு. வயலும் வேணும், இதும் வேணுமாக்கும் உனக்கு?"

நான் வாயைத் திறக்கவில்லை. வேலைக்கான என் நன்னடத்தைச் சான்றில் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மேலிடத்துக்கு அவன் எழுதிய மனுக்கள் விளக்கம் கேட்டு அவரிடமே திரும்பி வந்தன.

செல்வராஜ் கல்ஃபுக்குப் போய் ஒரு நகரசபைப் பூங்காவில் புல்லுக்குத் தண்ணீர் விட்டான். லீவில் வரும்போதெல்லாம் பாறசாலையில் என் வீட்டுக்கு வந்து, கையில் கிடைத்த காகிதத்தில் அந்த வகுத்தலைப் போட்டுக் காட்டுவான். மறந்துவிடேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"தோத்திருந்தா மறந்திருப்பேன் மக்கா. நான் தோக்கல்ல. என்னத் தோக்கடிச்சாரு."

வீடு கட்டினான். அந்தக் காலத்தில் கல்ஃப்காரர்கள் வீட்டுக்குப் பிள்ளைகள் பெயரையோ அரபு ஊர்ப் பெயரையோ வைப்பார்கள். இவன் பனச்சமூட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் கேட் செய்து, ஒரு கதவில் '3.' என்றும் மறு கதவில் '44' என்றும் இரும்பில் வைத்தான். கேட்டை அடைத்தால் எண் முழுதாகத் தெரியும். தபால்காரர் அதை வீட்டு நம்பர் என்றே நினைத்தார். பேராசிரியர் பஸ்ஸுக்குப் போகும் வழி அது. முதல் நாள் நின்று, இதென்ன வீட்டு நம்பரா என்று கேட்டாராம்.

"இல்ல சார். நீங்க தப்பாப் போட்ட கணக்காக்கும்."

மறுநாளிலிருந்து அவர் வயல் வரப்பு வழியாகச் சுற்றிப் போனார். எந்த வயல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செல்வராஜ் வராந்தாவில் உட்கார்ந்து தேநீரோடு அதைப் பார்ப்பான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன். நன்றாக இருக்கும். பின்பு ஒருமுறை, எண்ணை எடுத்துவிட்டால் தவறை ஒப்புக்கொண்டு கடிதம் தருவதாக அவர் ஆளனுப்பினார். கடிதம் முதலில் வரட்டும் என்றான் இவன். கடிதம் வரவே இல்லை.

இப்போது அவன் இல்லாத வீட்டில் அவனைப் புகழ வருகிறார். அவன் கையால் போட்ட அந்த வகுத்தல்களில் ஒன்று என்னிடம் மிச்சம் இருக்கிறது. அன்று திறக்காத வாயும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து அந்தக் கணக்கை வாசிப்பேன்.

துக்க வீட்டில் கேட்டைத் திறந்தே போடுவார்கள். நேற்று செல்வராஜின் மனைவி றோஸ்லினிடம், கூட்டத்தன்று மட்டும் அதை அடைத்து வைக்கச் சொன்னேன். வருகிற எல்லோருக்கும் நான் நின்று திறந்துவிடுவேன், அவருக்கு மட்டும் திறக்க மாட்டேன், அவர் தன் கையால் தள்ளிக்கொண்டு வரட்டும் என்றேன். றோஸ்லின் எழுந்து போய் கேட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பம் நம்பருக்குக் கறுப்புப் பெயிண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில அடிக்கேன் அண்ணா. சார் வரும்போ ஈரம் இருக்கணும்."