அப்பாவின் பிரசங்கத்தை நம்பி வந்தவர்

அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தம்பி என்னிடம் தந்தான். "அக்கா, நல்லதை மட்டும் எழுதுங்கோ, சொந்தக்காரர் எல்லாரும் வாசிப்பினம்" என்று எச்சரிக்கையும் சேர்த்தே தந்தான். நல்லதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் என் கலியாணத்தைச் சொல்லாமல் அப்பாவின் நல்லதைச் சொல்ல எனக்குத் தெரியாது. அதைப் பாதி பாதியாகக் கேள்விப்பட்டவர்கள் இதில் முழுதாக வாசிக்கட்டும்.

அப்பா யாழ்ப்பாணத்தில் கடலை அண்டிய ஒரு சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். கூழும் பனங்கிழங்கு ஒடியலுமாக வளர்ந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதராகக் கண்டிக்கு வந்தார். வந்த புதிதில் குளிர் தாங்காமல் கோட்டோடும் சப்பாத்தோடும் படுத்தாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கண்டியை அடுத்த அம்பிட்டியவில் எடுத்த வாடகை வீட்டில்தான் நானும் தம்பியும் பிறந்தோம். எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். அவளை அடக்கம் செய்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் அப்பாதான் ஆறுதல் சொன்னார். அவர் அழுததை நாங்கள் காணவில்லை.

சபையில் அப்பா மூப்பர். போதகர் வெளியூர் போகும் ஞாயிறுகளில் அப்பாவே பிரசங்கம் செய்வார். ஐயோ, என்ன குரல்! அவருக்குப் பிடித்த பொருள் ஐக்கியம். "நமக்குத் தகப்பன் ஒருவர், வீடு ஒன்று. அந்த வீட்டில் யாழ்ப்பாணத்தார் என்றும் தோட்டத்தார் என்றும் இருவகைப் பிள்ளைகள் இல்லை" என்று அவர் சொல்லும்போது கண் கலங்காதவர் இல்லை.

கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரவர் தம் இடத்தில்தான் இருந்தோம். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பேராதனை வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து கண்டிக்கு வேறு பஸ் பிடித்து வரும் சபையார் கடைசி வரிசை வாங்குகளில் இருப்பார்கள். அங்கே இருக்கும்படி ஒருவரும் சொன்னதில்லை. முன்னுக்கு வரும்படியும் ஒருவரும் சொன்னதில்லை. ஆராதனை முடிந்ததும் "சகோதரரே, சகோதரியே" என்று கோயில் வாசலில் கைகுலுக்குவோம், அத்தோடு சரி. சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் நான் கேட்டதேயில்லை. "அவையள் வேற ஆக்கள்" என்போம். அதற்குள் எல்லாம் அடங்கிவிடும்.

என் கணவர் அந்தக் கடைசி வாங்கிலிருந்து வந்தவர். அவருடைய தாயும் தகப்பனும் தோட்டத்தில் வேலை செய்தார்கள். அவர் படித்து, கண்டியில் தமிழ் ஆசிரியரானார். பாடகர் குழுவில் நாங்கள் இருவரும் இருந்தோம். எப்படி விருப்பம் வந்தது என்பதெல்லாம் நினைவு மலரில் எழுதும் விஷயமல்ல. ஒரு மாலை அவர் அம்பிட்டிய வீட்டுக்கு வந்து, கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, என்னைப் பெண் கேட்டார்.

"உமக்கு என்னண்டு இந்தத் துணிவு வந்தது?" என்றார் அப்பா.

"ஐயா, போன மாசம் நீங்க ஒரே வீடுன்னு சொன்னீங்க. அத நம்பித்தான் வந்தேன்."

"தம்பி, பிரசங்கம் வேற, பிள்ளை குடுக்கிறது வேற. தேத்தண்ணியைக் குடியும்."

கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்ட எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எனக்கு இருபத்தொரு வயது தாண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துச் சம்பாதித்தும் வந்தேன். நேரே போதகரிடம் போனேன். அவர் எங்கள் இருவரையும் இருத்தி விசாரித்துவிட்டு, ஓலை வாசிக்கச் சம்மதித்தார். கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்களின் பெயரைச் சபையில் வாசித்து, தடை உண்டானால் எழுந்து சொல்லும்படி கேட்பதைத்தான் எங்கள் சபையில் ஓலை வாசிப்பது என்போம்.

முதல் ஞாயிறு சபை திகைத்துப்போயிருந்தது. இரண்டாம் ஞாயிறு ஒரே இருமல். அப்பா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். அம்மாவிடம் மட்டும், "அடுத்த ஞாயிறு நான் எழும்புவன். அவளுக்குச் சொல்லிவை" என்றார். அந்தக் கிழமை ஏழு நாளும் எனக்கு அதே யோசனை. பெற்ற தகப்பனே எழுந்து தடை சொன்னால் அதற்குமேல் கலியாணம் ஏது? இவர், என் கணவர்தான், அத்தனை பேர் முன்னிலையில் அவமானப்பட்டுக் கலஹாவுக்குத் திரும்பவேண்டியதுதான்.

மூன்றாம் ஞாயிறு கொட்டும் மழை. அப்பாவுக்குப் பக்கபலமாகப் பெரியப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறி வந்து முன் வாங்கில் இருந்தார். போதகர் பெயர்களை வாசித்து, தடை உண்டா என்று கேட்டார். அப்பா எழுந்தார்.

"சொல்லுங்கள் மூப்பர். என்ன தடை?" என்றார் போதகர்.

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். திரும்பிப் பார்த்தார். கடைசி வாங்கில் என் மாமி, அதாவது இவருடைய தாய், நனைந்த சேலையோடு இருந்தார். அப்பா பிரசங்கம் செய்யும்போது மாமி எப்படிப் பார்ப்பாரோ அப்படியே, அன்றும் ஏதோ நல்ல வார்த்தை வரப்போகிறது என்ற முகத்தோடு அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா..." என்றார் அப்பா. "அந்த ஜன்னல்... அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கோ. சாரல் அடிக்குது."

மழைக்காக எல்லா ஜன்னலையும் காலையிலேயே சாத்தியிருந்தார்கள். போதகர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சாத்தியாயிற்று மூப்பர். இருங்கள்" என்றார். அப்பா இருந்துவிட்டார். நான் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுதேனா சிரித்தேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

வீட்டில் பெரியப்பா குதித்தார். "சாதி எண்டு ஒரு சொல்லு! அதைச் சொல்ல உனக்கு வாய் இல்லையோ?"

"சொல்லத்தான் எழும்பினனான். கோயிலுக்குள்ள நிண்டு சொல்ல வாய் வரேல்லை. நீங்களும் அங்கதானே இருந்தனீங்கள் அண்ணை? நீங்கள் எழும்பிச் சொல்லியிருக்கலாமே" என்றார் அப்பா.

பெரியப்பா அடுத்த ரயிலில் ஊருக்குப் போய்விட்டார். குறித்த நாளில் அப்பாவே என் கையைப் பிடித்துக் கூட்டிச்சென்று இவரிடம் ஒப்படைத்தார்.

அதற்குப் பிறகு அப்பா ஐக்கியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவேயில்லை. பொறுமையைப் பற்றிச் செய்தார். உண்மையைச் சொன்னால் அது அவ்வளவு நன்றாக இருக்கவில்லை. ஆனால் பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கலஹாவுக்குப் பஸ் ஏறுவார். சம்பந்தி வீட்டில் சாப்பிடுவார். இவரோடு மணிக்கணக்காகக் கதைப்பார். எனக்குக் குறையென்று சொல்ல ஒன்றுதான் இருந்தது. மருமகனின் தாய் எங்கள் முறையில் அப்பாவுக்குத் தங்கை. அப்பாவோ அவரை வாயாரத் தங்கச்சி என்று அழைத்ததேயில்லை. "வாருங்கோ சகோதரி, சுகமோ சகோதரி" என்று கோயில் வாசல் வார்த்தையையே வீட்டுக்குள்ளும் வைத்திருந்தார். மாமியும் பதிலுக்கு "ஐயா" என்பார். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் கேட்கும்போதெல்லாம் என் மனம் சுருக்கென்றது.

கடைசி நோயில் அப்பாவுக்கு மூச்சு விடுவதே பாடாயிற்று. அம்மாவாலும் என்னாலும் தனியே சமாளிக்க முடியவில்லை. மாமி ஒரு துணி மூட்டையோடு கலஹாவிலிருந்து வந்து எங்களோடு தங்கிவிட்டார். ஒரு மத்தியானம் நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்க, அறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"தங்கச்சி, அந்தத் தலைகாணியைக் கொஞ்சம் உயர்த்திவிடும்."

அப்பா நினைவு தடுமாறி யாரை அழைக்கிறாரோ என்று பதறி ஓடினேன். அப்பா தெளிவாக மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கிட்டேண்ணே. இப்ப செரியா இருக்கா?" என்றார் மாமி.

"ஓம் தங்கச்சி" என்றார் அப்பா.

அந்தக் கிழமையே அப்பா அமைதியாகக் கண்மூடினார்.

அப்பாவின் நோயில் வந்து பார்த்த வைத்தியருக்கும், ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும், மழையில் பெட்டியைச் சுமந்த அம்பிட்டிய அயலவருக்கும், அடக்கத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. மாமியின் பெயரையும் இதில் சேர்க்க எண்ணி அவரிடமே சொன்னேன். "அண்ணன பாத்துக்கிட்டதுக்குத் தங்கச்சிக்கு யாராச்சும் நன்றி சொல்லுவாங்களா? போம்மா அங்கிட்டு" என்று கோபித்துக்கொண்டார். ஆகையால் அவரைச் சேர்க்கவில்லை.