நேர்ந்துவிட்ட சேவலும் டீச்சரின் சுரைப் பாத்தியும்

போன வாரம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் மூன்றாவது தடவையாகச் சுரை விதை ஊன்றினார். முதல் இரண்டு தடவையும் அவர் ஊன்றியதை நாசம் பண்ணியது எங்கள் வீட்டுச் சேவல்.

ஒரு சேவலை அடக்கத் துப்பில்லையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். அது சாதாரணச் சேவல் இல்லை... சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல்.

சென்னையை விட்டுத் தென்காசிப் பக்கத்து இலஞ்சிக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. இந்தப் பத்தி எழுதுகிற நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் எனக்கு வீட்டின் பின்பக்கம்தான். நாலு வரிசை கத்தரி, ரெண்டு வரிசை வெண்டை, ஒரு புடலைப் பந்தல். கூடவே ஏழு கோழிகள்.

கோழியும் தோட்டமும் ஒரே வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு என் பாடு புரியும். நமக்கு இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும். கொத்திப் போட்ட மண்ணைப் பார்த்தால் கோழிக்குக் கால் சும்மா இருக்காது. சாரல் விழுந்து, எருவில் புழு நெளிகிற சமயம் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் பகலெல்லாம் கோழிகள் கம்பி வலைக்குள் இருக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் திறந்துவிடுவேன். கையில் குச்சியோடு, ஹாஸ்டல் வார்டன் மாதிரி பின்னாலேயே நடப்பேன்.

இந்தச் சட்டதிட்டம் எதுவும் அந்தச் சேவலுக்குக் கிடையாது. ஏன் கிடையாது என்பதைச் சொல்கிறேன்.

போன வருடம் புரட்டாசியில் என் மனைவி வடிவுக்கு ஆபரேஷன் ஆனது. வயிற்றில் கட்டி. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஐந்தாவது நாள் வடிவு மெதுவாக எழுந்து பின்பக்கம் போனாள். அப்போதுதான் கொண்டை அரும்பியிருந்த ஒரு செவலைக் குஞ்சைப் பிடித்தாள். மஞ்சள் தடவிய நூலை அதன் காலில் கட்டி, எங்கள் குலசாமி சுடலையின் பெயரைச் சொல்லிக் கீழே விட்டாள்.

ரிசல்ட் நல்லபடியாக வந்தது. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திருநெல்வேலிக்குப் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் - ரிசல்ட் வருகிறவரை அந்தக் குஞ்சுக்குத் தனியாகக் கம்பு போட்டவன் நான்தான்.

நேர்ந்துவிட்டால் அதற்கப்புறம் அது நம்முடைய சேவல் இல்லை. அடிக்கக் கூடாது. விரட்டக் கூடாது. விற்கக் கூடாது. அடைத்துப் போடவும் கூடாது. கோயில் கொடைத் திருவிழாவில் சாமிக்குப் பலியாகிறவரை அது இஷ்டத்துக்கு மேயும். வீட்டுக்காரர்கள் மட்டுமில்லை, தெருவே அதற்கு வழிவிடும். காலில் மஞ்சள் நூலைப் பார்த்தால் டூ-வீலர்கூட நின்றுதான் போகும்.

மரியாதையும் அந்த அளவுக்குத்தான். ஒருநாள் மத்தியானம் வடிவு அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"அவிய சாப்ட்டாவளா?"

"யாரு?"

"சேவல்தான்."

கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் என்னைப் பற்றி அவள் அப்படி ஒரு விசாரணை செய்து நான் கேட்டதில்லை.

சித்திரையில் கொடை. அதோடு சேவல் கணக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கொடைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பங்காளி வீட்டில் ஒரு சாவு. தீட்டு. கொடை அடுத்த சித்திரைக்குத் தள்ளிப் போனது. சேவலுக்கு முழுசாக ஒரு வருட ஆயுள் கூடியது. அது கொழுத்தது. கிளுவை வேலியைத் தாண்டுகிற அளவுக்கு அதன் சிறகிலும் தெம்பு வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்டெல்லா டீச்சர் வீடு.

டீச்சருக்கு எழுபது வயது. ரிட்டயர் ஆனவர். தனியாக இருக்கிறார். முழங்கால் வலி. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் தோட்ட வேலை செய்வார். ஐப்பசியில் அவருடைய சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் வீட்டில் விளைந்ததில் முதல் காயைக் கொண்டுபோய் ஆலயத்தில் வைப்பார்கள். டீச்சர் வைப்பது சுரைக்காய். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருடத்திலிருந்து, கணவர் இறந்த வருடம் உட்பட, ஒரு வருடம்கூடத் தவறியதில்லை என்று வடிவிடம் சொல்லியிருக்கிறார். ஐப்பசியில் காய் வேண்டும் என்றால் ஆடி முடிவதற்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும்.

ஆடி பிறந்ததும் முதல் தடவை ஊன்றினார். மறுநாள் சேவல் வேலியைத் தாண்டியது. பாத்தியை ஒரு மூலை விடாமல் கிளறி விதையைத் தின்றது. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. நேரே போய் நின்றேன்.

"டீச்சர், பாத்தா ஒரு கல்லெடுத்து எறிய வேண்டியதுதானே? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்க தம்பி. ஆனா அது காணிக்கைல்லா?" என்றார் டீச்சர். "எங்க வீட்ல ஆண்டவருக்குன்னு ஒரு காயை நெனச்சிட்டா, பிள்ளைங்க கேட்டாக்கூட பறிச்சுக் குடுக்க மாட்டோம். உங்க வீட்டுக் காணிக்கை மேல நான் எப்படிக் கல்லெறிவேன்?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் தென்காசிக்குப் போய்ப் பச்சை வலை வாங்கி வந்தேன்.

நாலு கம்பு நட்டு, இரண்டாவது தடவை ஊன்றிய பாத்தியின் மேல் வலையை விரித்துக் கட்டினேன். பெருமையாக இருந்தது. விதை முளைத்து இரண்டு இலையும் விட்டது. ஒரு காலையில் சேவல் முருங்கைக் கிளையிலிருந்து பறந்து வந்து வலையின் நடுவில் உட்கார்ந்தது. வலை தொட்டில் மாதிரி தொய்ந்து நாற்றின் மேல் படிந்தது. அதற்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. நாங்கள் பார்க்கும்போது ஒரு நாற்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. முதல் தடவை பண்ணிய சேதத்துக்குச் சேவல் மட்டும் பொறுப்பு. இரண்டாவதில் எனக்கும் பங்குண்டு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து வடிவிடம் சண்டை போட்டேன்.

"ரெண்டு மாசம் அடைச்சுப் போடு. ஒண்ணும் ஆகாது. உன்னைக் குணப்படுத்துனது டாக்டர்."

"டாக்டருதான். யாரு இல்லன்னா? அந்த டாக்டரு கை நடுங்காம இருந்துச்சுல்லா, அதுக்குத்தான் சேவலு."

"அடைச்சா என்ன ஆயிரும்னு சொல்லுதே?"

அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். ஆவணியில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். ஸ்கேன் தேதி.

எனக்குச் சுருக்கென்றது. சேவலை அடைத்த கையோடு ஸ்கேனுக்குப் போய், அதில் ஏதாவது தெரிந்துவிட்டால்? அவளைப் பொறுத்தவரை அது சேவலை அடைத்ததற்கான தண்டனை. நம்பிக்கை இல்லாத நான் 'அடைத்துப் போடு' என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். எனக்கு அதில் இழக்க என்ன இருக்கிறது? அவளுக்கோ உயிர்ப் பயம். வாயை மூடிக்கொண்டேன்.

டீச்சர் வீட்டிலும் சத்தமில்லை. ஆடி முடிய நாலு நாள்தான் இருந்தது. இனி ஒரு தடவை போனால் ஐப்பசிக்குக் காய் கிடையாது. அதற்காக ஒரு முகச்சுளிப்பு, ஒரு குத்தல் பேச்சு? ம்ஹூம். பொங்கினதில் ஒரு கிண்ணம் குழம்பு வழக்கம்போல வேலிக்கு மேலாக வந்துகொண்டுதான் இருந்தது.

சென்னையில் நாங்கள் இருந்த அபார்ட்மென்டில் நாய்க்கு ஒரு விதி, செடித் தொட்டிக்கு ஒரு விதி, துணி காயப்போட ஒரு விதி என்று நோட்டீஸ் போர்டு நிரம்பி வழியும். அத்தனை விதி இருந்தும் வாரம் ஒரு சண்டை நடக்கும். இங்கே போர்டும் இல்லை, அசோசியேஷனும் இல்லை. அதனால் ஒருவர் பேசாமல் நஷ்டப்படுகிறார், இன்னொருவர் பேசாமல் குற்ற உணர்ச்சியில் வேகிறார். எது தேவலை? எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை. நல்ல சாரல். வடிவு முருங்கைக் கீரை ஒடிக்க வேலிப் பக்கம் போனாள். ரொம்ப நேரமாகத் திரும்பி வரவில்லையே என்று நானும் போனேன். அவள் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் முக்காலியில் உட்கார்ந்து மூன்றாவது தடவையாக விதை ஊன்றி முடித்திருந்தார். சேவல் பாத்திக்கு வந்தது. டீச்சரின் கையில் இருந்த களைக்கொத்தி தன்னால் மேலே உயர்ந்தது. பாதியில் நின்றது. கீழே இறங்கியது. களைக்கொத்தியை ஓரமாக வைத்துவிட்டு, விதை ஊன்றிய இடத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மூடிக்கொண்டார். குனிந்தபடி அப்படியே இருந்தார். சேவல் அவர் விரல் இடுக்கில் கொத்திப் பார்த்தது. அவர் கையை எடுக்கவில்லை. முதுகெல்லாம் நனைந்துகொண்டிருந்தது.

வடிவு கீரையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். கோழியைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரக் கூடையையும் ஒரு பிடி அரிசியையும் எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தாள். அரிசியைத் தரையில் தூவினாள். சேவல் நம்பி வந்தது. பஞ்சாரத்தைக் கவிழ்த்தாள்.

டீச்சர் பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் விடவில்லை.

"ஏட்டி வடிவு, என்ன பண்ணுதே? அவுத்து விடு. ஒனக்கு ஸ்கேன் வருதுல்லா?"

"நீங்க கையக் கழுவுங்க டீச்சர். ரத்தம் வருது பாருங்க."

பிறகு வடிவு ஈரத் தரையில் உட்கார்ந்தாள். பஞ்சாரத்தின் இடுக்கு வழியாகச் சேவலைப் பார்த்துச் சொன்னாள்.

"அய்யா, காய் காய்க்கிற வரைக்கும் உள்ள இருங்க. கோவம்னா எம்மேல வைங்க. டீச்சர் மேல வைக்காதீங்க."

குரல் நடுங்கியது. டீச்சர் அழுதார். நான் கீரைக்கட்டோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள் மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் பேசிய நியாயம் எதுவும் அவளை ஒரு அங்குலம் அசைக்கவில்லை. மண்ணை மூடியிருந்த இரண்டு கைகள் அசைத்துவிட்டன.

இப்போது சேவலுக்குத் தனியாக ஒரு பெரிய கூண்டு கட்டிக் கொடுத்திருக்கிறேன். டீச்சர் தினமும் அதற்கு ஒரு கை சோளம் கொண்டு வருகிறார். சுரை விதை முளைத்துவிட்டது.

ஸ்கேனுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. வடிவுக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். நேற்றுகூடக் காலண்டர் முன்னால் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

பயம் தெளிந்த பிறகு அவள் அந்தப் பஞ்சாரத்தைக் கவிழ்த்திருந்தால், நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.