வினைச்சொல்லை எங்கே ஒட்டுவது

எழுபதுகளின் கடைசியில், டில்லியில் எங்கள் குடியிருப்புக்கு அருகே இருந்த தமிழ்ப் பள்ளிக்கு ஓர் ஆயா தேவைப்பட்டார். ஐந்தாம் வகுப்புத் தமிழில் ஒரு தேர்வு வைப்பார்கள் என்றார்கள். அந்த வேலையை வாங்கியே தீருவது என்று என் மனைவி முடிவு செய்துவிட்டாள். அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், இலக்கணம் தெரியாது. நான் ஐந்தாவது வரை படித்தவன் என்பதால் சொல்லித்தர ஒப்புக்கொண்டேன்.

அரசு அலுவலகத்தில் கோப்புகளில் அடையாளச் சீட்டு ஒட்டுவது என் வேலை. அதே பழக்கத்தில் வாளி, கதவு, ஸ்டவ் எல்லாவற்றிலும் ‘பெயர்ச்சொல்’ என்று எழுதி ஒட்டினேன். இரண்டே நாளில் அவளுக்குப் பிடிபட்டது. பிறகு ‘வினைச்சொல்’ என்று எழுதிய சீட்டும் பசையுமாக வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒட்ட இடமே இல்லை.

“அச்சா, சரி, உங்க சட்டையில ஒட்டிக்கிட்டு ஏதாவது செய்யுங்க,” என்றாள்.

மறுநாள் தேர்வு. சீட்டைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு, வீட்டுக்குள் இடம் போதாமல் வாசலுக்கு வந்தேன். குழாயடியில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாதவன் நான். கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன்.

“குதித்தார்,” என்றாள் மனைவி.

ஓடினேன்.

“ஓடினார்.”

“என்னக்கா, வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?” என்று வரிசையில் நின்ற ஒருத்தி கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்காரு. நீ உன் குடத்தைப் பாரு.”

எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனாலும் நான் சும்மா நிற்கும்போதே அவளாகப் பத்து வினைச்சொற்களைச் சொல்லும்வரை வீட்டுக்குள் போகவில்லை. அடுத்த வாரம் அவள் வேலைக்குச் சேர்ந்தாள்.