நல்ல கையைக் கட்டிப்போட்டவள்

மன்சா பாவம் என்று என் முன்னால் யாரும் சொல்லக்கூடாது. சொன்னவர்களை மீன் சுடும் அடுப்பைவிட்டு எழுந்து வந்து திட்டியிருக்கிறேன், இனியும் திட்டுவேன். ஒரே முற்றத்தில் இருக்கிறோம் நாங்கள். அவள் அடுப்புப் புகை என் கண்ணில், என் அடுப்புப் புகை அவள் கண்ணில். அவளைப் பாவம் ஆக்கினவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் எல்மினா கடற்கரையில் டொக்கொன் விற்கிறவர்களுக்குக் குறைவில்லை. சோள மாவைப் புளிக்க வைத்துக் கிளறி, வாழைச் சருகில் பொதிந்து வேகவைக்கிறது பெரிய வித்தையா? ஆனாலும் வலை இழுத்துவிட்டு வருகிற ஆண்கள் மன்சாவின் பானை இறங்கும்வரை நிற்பார்கள். அவள் கட்டின பொதிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. வாயும் அந்த மாதிரி இறுக்கம். "உருண்டை சின்னதா இருக்கே" என்று ஒருவன் முணுமுணுத்தால், "உன் வாய் பெரிசு, அதான் அப்படித் தெரியுது" என்பாள். புருஷன் போன பிறகு அந்தப் பானைதான் அவளுக்குச் சோறு, ஊரில் பேர், எல்லாம்.

ஒரு காலையில் மாவு கிளறிக்கொண்டிருந்தவள் அகப்பையை நழுவவிட்டாள். வாய் கோணிக்கொண்டது. வலப்பக்கமாகச் சரிந்து என் மேலேயே விழுந்தாள். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு காலை இழுத்து இழுத்து நடந்தாள், பேச்சும் குழறலாகத் திரும்பிவிட்டது. வலக்கை மட்டும் செத்த மீன்போல மடியிலேயே கிடந்தது.

எங்கள் பக்கத்தில் இடக்கையால் சாப்பாட்டை நீட்டுவதும் கன்னத்தில் அறைவதும் ஒன்று. இருந்தும் ஒரு நாள் துணிந்து நீட்டினாள். "என்னை நாய்னு நெனச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனான் ஒருத்தன். அதோடு மகள் எக்குவா அம்மாவை உள்ளே உட்கார்த்திவிட்டாள். அன்பென்றால் அப்படியொரு அன்பு! ஊட்டிவிட்டாள், துணி சுற்றிவிட்டாள், மூக்கைக்கூட அவளே துடைத்துவிட்டாள். மன்சா வலக்கையைக் கொஞ்சம் நகர்த்தப் பார்த்தால், "விடும்மா, நான் எதுக்கு இருக்கேன்?" என்று வேலையைப் பிடுங்கிக்கொள்வாள். ஊரே அந்தப் பெண்ணைப் புகழ்ந்தது. நான் புகழவில்லை. அசைய நினைக்கிற கையையும் முடக்கிப்போடுகிற அன்பு என்ன அன்பு?

அந்தச் சமயத்தில்தான் பிலோமினா வந்தாள். கேப் கோஸ்ட் ஆஸ்பத்திரியில், முடங்கின கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோவாக இருக்கிறவள். வேலைக்கு நடுவே மேல்படிப்பும் படித்தாள். அடிபட்ட மூளை தன்னை எப்படி மாற்றிப் பழகிக்கொள்கிறது என்பதுதான் படிப்பு.

"செத்த கைக்கு என்னம்மா படிப்பு?" என்று கேட்டேன்.

"கை சாகலைம்மா, பாருங்க, விரல் கொஞ்சம் அசையுது. கையை ஓட்டுற எடம்தான் மூளையில செத்துப்போச்சு. சந்தையில ஒரு கடைக்காரி செத்துட்டா என்ன ஆகும்?"

"பக்கத்துக் கடைக்காரி அவ வியாபாரத்தையும் சேர்த்துப் பார்ப்பா."

"சும்மா பார்ப்பாளா? ஆளுங்க தெனம் வந்து கேட்கணும். யாரும் வரலைன்னா அந்த எடத்துல இன்னொருத்தி வெங்காயத்தைக் கொட்டிருவா. இவங்க பாதியை இடக்கையால செய்றாங்க, மீதியை மக செய்றா. வலக்கைக்குன்னு போய்க் கேட்க ஆளே இல்லை."

மன்சா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் கேட்டா... குடுக்குமா?"

"பழைய கை அப்படியே வரும்னு பொய் சொல்லமாட்டேன். கேட்காம இருந்தா ஒண்ணும் வராது."

இடக்கைக்கு ஒரு தடித்த துணிப்பை மாட்டி மணிக்கட்டில் கட்டினாள் பிலோமினா. விழித்திருக்கும் நேரத்தில் முக்கால்வாசியும் அந்தக் கட்டு. வேர்க்கடலை பொறுக்குவது, சருகு மடிப்பது, சாப்பிடுவது, எல்லாம் வலக்கையால்தான். ஒரு கடலையை எடுப்பதற்குள் மன்சாவுக்கு வேர்த்து ஊற்றும். எடுத்தது வாய்க்குப் போகாமல் மண்ணுக்குப் போகும். பிலோமினாவின் தாத்தா, முப்பாட்டன் எல்லாரையும் இழுத்துத் திட்டுவாள்.

"திட்டுங்க. ஆனா கடலையை எடுத்துக்கிட்டே திட்டுங்க" என்பாள் அந்தப் பெண், பல்லைக் காட்டிக்கொண்டு.

சுண்டுவிரல் தவிர மற்றதெல்லாம் மெல்ல மெல்ல மடங்க ஆரம்பித்தது. அந்த வேளையில்தானா மாமன் வரவேண்டும்?

எங்களுக்குத் தாய்வழிதான் குடும்பம். தாய்மாமன் சொன்னால் சொன்னதுதான். குவாமினா மாமா ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வெள்ளை உடுப்போடு முற்றத்தில் காலை வைத்தார். மன்சா கை கட்டப்பட்டு, மடியெல்லாம் குழம்பு கொட்டி, ஆத்திரத்தில் அழுதுகொண்டிருந்தாள். பிரார்த்தனை முகாமில் புத்தி பேதலித்தவர்களைக் கட்டிப்போடுவதைப் பார்த்த கண் அவருடையது. கட்டின கை என்றால் அவருக்கு வேறு அர்த்தமே கிடையாது.

"எங்க அக்கா மக என்ன பைத்தியமா? எவ கட்டினது?"

"நான்தான்யா" என்று முன்னால் வந்தாள் பிலோமினா. "நல்ல கை சும்மா இருந்தாத்தான் இந்தக் கை..."

"முடங்கின கையை விட்டுட்டு நல்ல கையைக் கட்டுவியா? உன் படிப்புக்கு எங்க வீட்டுப் பொண்ணுதான் கிடைச்சாளா?"

கத்தியை வாங்கிக் கட்டை அறுத்தார். எக்குவாவும் அழுதுகொண்டே அவர் பக்கம் நின்றாள். பிலோமினாவை இனி வாசலில் பார்க்கக்கூடாதாம். சனிக்கிழமை குடும்பம் கூடிப் பேசி, மன்சாவை அனோமாபுவில் இருக்கிற குடும்பத்துப் பெரிய வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்களாம். "ராணி மாதிரி உட்கார்ந்து சாப்பிடட்டும்" என்றார்.

"உட்கார வச்சே புதைக்கிறதுக்குப் பேரு ராணியா?" என்று கத்தினேன்.

"நீ வேற குடும்பம். உன் மீனைப் பாரு" என்றார். அந்த வார்த்தை இன்னும் எனக்கு ஆறவில்லை.

சனிக்கிழமை பெரியவர்கள் வந்து உட்காரும் முன்னால் மன்சா என்னைக் கூப்பிட்டாள். இடக்கையை நீட்டி, "அக்கா, கட்டு" என்றாள். என் தலைத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன்.

கூட்டத்தில் வீட்டுப் பெண் சுற்றிவந்து எல்லாருக்கும் வலக்கை கொடுத்து வணக்கம் சொல்லவேண்டும். "அவளுக்கு வேண்டாம், உட்காரட்டும்" என்றார்கள். மன்சா உட்காரவில்லை. காலை இழுத்துக்கொண்டு நேராக மாமன் முன்னால் போய் நின்றாள். தோள் ஏறியது, முழங்கை ஏறியது, கை நடுங்கிக்கொண்டே வந்தது. வேறு வழியில்லாமல் அவரும் கையை நீட்டினார். பிடித்தாள்.

பிடித்தவள் விடவில்லை.

"சரிம்மா, வணக்கம். விடு."

விடவில்லை. அவர் இழுத்தார். விரல்கள் இன்னும் இறுகின. யாரோ சிரித்துவிட்டார்கள்.

"ஏய், வலிக்குது, விடுடி!"

"விட வரலை மாமா" என்றாள் மன்சா, ஒவ்வொரு வார்த்தையாக. "பிடிக்க வந்துருச்சு. விடத்தான் இன்னும் படிக்கலை. சொல்லிக்குடுக்க வந்தவளை நீங்க விரட்டிட்டீங்க."

அவர் அவளைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். அசைவில்லாமல் மடியில் கிடந்த கையைத்தான் அவருக்குத் தெரியும். எக்குவா வந்து அம்மாவின் விரல்களைப் பிரிக்கப் போனாள். "தொடாதே, அவளே விடட்டும்" என்று நான் அதட்டினேன். வேற்றுக் குடும்பத்துக்காரிதான், அதனால் என்ன? கூட்டம் முழுக்கக் காத்திருந்தது. மன்சாவின் நெற்றியிலிருந்து வேர்வை மாமனின் வெள்ளை உடுப்பில் சொட்டியது. கட்டைவிரல் மெல்லப் பிரிந்தது.

மாமா கையை உதறிக்கொண்டே எக்குவாவிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணுக்குப் போன் போடு."

மன்னிப்பு கேட்டாரா? கேட்கவில்லை. சர்ச்சில் எழுந்து நின்று, கர்த்தர் அதிசயம் செய்தார் என்று சாட்சி சொன்னார். பிலோமினா பேரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கர்த்தர் செய்ததை நான் மறுக்கமாட்டேன். ஆனால் கடலை பொறுக்கினது மன்சா.

இப்போது அவள் பானை மறுபடி ஏறியிருக்கிறது. பழைய வேகம் இல்லை, சில பொதியில் தண்ணீரும் போகிறது. வலக்கையால் நீட்டுகிறாள். வாங்குகிறவன் அவசரப்பட்டு இழுத்தால், "பொறுடா, நான் இன்னும் விடலை" என்று அதட்டுகிறாள்.